அடித்த காயம் என்று நினைத்தேன்

கர்ப்பிணியின் பல் ஈறில் ரத்தம் கசிகிறது என்றால், நீங்கள் இன்று ஒரு குழாய் ரத்தம் எடுத்து அனுப்புகிறீர்கள். பிளேட்லெட் எத்தனை என்று எழுதிய சீட்டு பொழுது சாய்வதற்குள் கைக்கு வந்துவிடுகிறது. பிரசவ வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அந்தச் சீட்டு இல்லாத காலத்துக் கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிரசவம் பார்த்தவளுக்கு நல்லபடியாக முடிந்த கதைகள் நிறைய உண்டு. அவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். எனக்கு இருபத்துநாலு வயது. சேலத்தில் மாதா கோயில் தெருவில் பிறந்து வளர்ந்து, மருத்துவச்சிப் பரீட்சை தேறி, கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு ஊருக்கு வேலைக்குப் போனேன். பிரசவ நிலையம் என்று பெயர். ஒரு அறை, இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, நான். மழை விட்டதும் அந்தப் பக்கமெல்லாம் குளிர்காய்ச்சல், நீங்கள் மலேரியா என்பது, கிளம்பும். கர்ப்பிணிகளைக் காய்ச்சல் பிடித்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். அதனால் காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளுக்குக் கொயினா மாத்திரையை நிறுத்தாமல் கொடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இருந்தது. ஒரு நாளும் விட்டுப்போகாமல் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஊருக்குப் போன முதல் வருஷம் ஒரு கர்ப்பிணி முதுகில் தடிப்போடு வந்தாள். கேட்டேன். விழுந்துவிட்டேன் என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை; ஆனாலும் அடுத்தவர் குடும்பம் என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். இனி ஒரு பெண்ணின் உடம்பில் தடம் பார்த்தால் சும்மா இருக்க மாட்டேன் என்று அன்று ஜெபமாலையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டேன்.

பாவாயியின் கையைப் பார்த்தபோது நான் அந்த மனத்தோடுதான் இருந்தேன்.

பாவாயிக்குப் பத்தொன்பது வயது, தலைப்பிரசவம், ஏழாம் மாதம். இரண்டு வாரத்துக்கு முன் காய்ச்சல் கண்டு, நான் கொடுத்த கொயினாவைத் தின்றுகொண்டிருந்தாள். பெரிய பண்ணையத்துக்கு மருமகள். மாமனார் இல்லை. மாமியார் நல்லம்மாள்தான் தோட்டம், ஆள், மாடு எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பவர். கணவன் முத்துசாமி அம்மா சொல்லைத் தட்டாதவன். மாதம் ஒருமுறை நான் வீட்டுக்கே போய்ப் பாவாயியைப் பார்ப்பேன். அன்றைக்கு அவள் சேலையை விலக்கியதும் வலது புஜத்தில் நாலு விரல் பதிந்த தடம் கருநீலமாகக் கன்றியிருந்தது. தொடையில் ஒன்று பச்சையாக ஆறிக்கொண்டிருந்தது. இடுப்பில் ஒன்று புதிது.

"எப்படிப் பட்டது?"

"தெரியலீங்க. தானா வருதுங்க."

"யார் அடிச்சது? பயப்படாமச் சொல்லு."

"அய்யோ, யாரும் அடிக்கலீங்க நர்சம்மா." சொல்லிவிட்டு வாசற்படிப் பக்கம் பார்த்தாள். மாமியார் மோர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்தார். அந்த ஒரு பார்வை எனக்குப் போதுமாக இருந்தது.

"அந்தக் கன்னிப்போனதைத்தானே பாக்கறீங்க?" என்றார் நல்லம்மாள். "நானே சொல்லோணும்னு இருந்தனுங்க. பத்து நாளா இப்படித்தான். பல்லு வெளக்குனா ரத்தமா வருது. மூக்குலயும் ரெண்டு வாட்டி வந்துருச்சுங்க. நீங்க குடுத்த மாத்தரையத் திங்க ஆரம்பிச்சதுல இருந்துதான்…"

"மாத்திரை மேல பழி போடாதீங்க," என்று குறுக்கே விழுந்தேன். "மூக்குல ஏன் ரத்தம் வரும்னு எனக்குத் தெரியும். கையில இருக்கிற விரல் தடமும் மாத்திரையால வந்ததுதானா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "கட்டல்ல இருந்து எந்திரிக்கறதுக்கு நாந்தானுங்க புடிச்சுத் தூக்கிவுட்டேன்…"

"தூக்கிவிட்டா இப்படியா கன்றும்? இன்னொரு தடம் பார்த்தேன்னா போலீசுக்கு எழுதிப்போடுவேன்."

அப்போதுதான் புரிந்தது. சொம்பைக் கீழே வைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்த ஊட்டுல பொம்பளை மேல கை வெக்கற வழக்கமில்லீங்க. நீங்க போங்க. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

போனேன். வரப்பில் நடந்து வரும்போது என் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. கிணற்றில் விழுந்தவளுக்கு நான் பட்ட கடனைத் தீர்த்துவிட்டதாக நினைத்தேன். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் விடாவிட்டாலும் என் கடமை தவறக் கூடாது என்று, அந்தத் தெருவிலிருந்து நிலையத்துக்குப் பால் ஊற்ற வரும் பெண்ணிடம் வாரா வாரம் கொயினாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன். ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லியனுப்பினேன்.

மூன்று வாரம் போயிற்று. நிலையத்தைப் பார்வையிடச் சேலத்திலிருந்து டாக்டரம்மா வந்தார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். அதிகம் பேச மாட்டார். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவரிடம் பாவாயி கதையைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் தலை நிமிரவில்லை. "கால் பாத்தியா?"

"பாத்தேன் டாக்டரம்மா. முழங்காலுக்குக் கீழ ஒரே கொசுக்கடி."

"அமுக்கிப் பாத்தியா? கொசுக்கடின்னா அமுக்கினா வெளுக்கும்."

நான் அமுக்கிப் பார்க்கவில்லை.

"வேற என்ன சொன்னாங்க அந்த மாமியார்?"

"பல் விளக்கினா ரத்தம் வருதுன்னாங்க. மூக்குல ரெண்டு தடவை வந்ததாம். மாத்திரை தின்ன ஆரம்பிச்சதிலிருந்துன்னு…" சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் இறங்கிப்போயிற்று.

டாக்டரம்மா பதிவேட்டை மூடினார். "மாத்திரையை நிறுத்திட்டாங்களா?"

"இல்லை. நான்தான் அனுப்பிக்கிட்டிருக்கேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார். நாங்கள் அன்று சாப்பிடவில்லை.

நல்லம்மாள் களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பின்னால் நின்றுகொண்டு என்னை முன்னால் விட்டார்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பாவாயியைப் பாக்கணும்."

"பாத்துப்போட்டு யாரு மேல கேசு போடப் போறீங்க?"

டாக்டரம்மாதான் சொன்னார்: "இவளை அப்பறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்ப நேரமில்லை. உங்க மருமகளைக் காட்டுங்க."

'நேரமில்லை' என்ற சொல்லைக் கேட்டதும் நல்லம்மாளின் கையிலிருந்த கடலை கீழே கொட்டியது.

பாவாயி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு மூக்கில் துணித் திரி. வாயைத் திறக்கச் சொன்னோம். கன்னத்தின் உட்புறம் நாவல் பழ நிறத்தில் ரத்தக் கொப்புளங்கள். கால் முழுக்கக் கடுகைத் தூவினாற்போல் செம்புள்ளிகள். டாக்டரம்மா விரலால் அழுத்தினார். ஒன்றுகூட வெளுக்கவில்லை. என்னையும் அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். மூன்று வாரத்துக்கு முன்பே என் விரல் அங்கே பட்டிருக்க வேண்டும்.

பிறகு பாவாயியின் காது மடலில் ஊசி நுனியால் ஒரு குத்துக் குத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிஷத்துக்கு ஒருமுறை மை ஒற்றும் தாளால் தொட்டு எடுத்தார். உங்களுக்கோ எனக்கோ என்றால் நாலைந்து பொட்டோடு ரத்தம் நின்றுவிடும். அந்தத் தாளில் பொட்டுகள் ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் அவரே மடலை அழுத்திப் பிடித்து நிறுத்தினார்.

"ரத்தம் கசிஞ்சா ஓடிவந்து அடைக்கிற தட்டணு இவ உடம்புல ரொம்பக் குறைஞ்சு போச்சு," என்றார் என்னிடம். "கொயினா யாரோ ஒருத்தருக்கு இப்படிச் செய்யும்னு படிச்சிருக்கேன். கண்ணால பாத்ததில்லை. அதுதான்னு சத்தியம் பண்ணவும் என்னால முடியாது."

நல்லம்மாள் கேட்டார்: "மாத்தரையை நிறுத்துனா காச்சல் மறுக்கா வருமுங்களா?"

"வரலாம்."

"நிறுத்தலீன்னா?"

"இந்த நிலையில வலி கண்டா ரத்தம் நிக்காது."

நல்லம்மாள் மருமகளின் தலைமாட்டில் உட்கார்ந்தார். "என்ற கொழுந்தன் காச்சல்லதானுங்க போனான். அந்தப் பயத்துலதான் அவளைத் திட்டித் திட்டி முழுங்க வெச்சேன். நிறுத்தலாமான்னு கேக்கறதுக்குத்தான் அன்னைக்கு வாயெடுத்தேன்." என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "நிறுத்திப்போடலாமுங்க. காச்சல் வந்தா வந்தப்பறம் பாத்துக்கலாம்."

அடுத்த கேள்வி சேலத்துக்குக் கொண்டுபோவதா என்பது. பெரிய ரோட்டுக்கு மாட்டு வண்டியில் ஆறு மைல், அங்கிருந்து பஸ்ஸில் முப்பது மைலுக்கு மேல். டாக்டரம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். "வாயில இருக்கிற மாதிரி ஒரு கொப்புளம் தலைக்குள்ள இருந்தா, அந்தக் குலுக்கல்ல என்ன ஆகும்? இங்கயே இருக்கட்டும்." சொல்லிவிட்டு, "தப்பாவும் இருக்கலாம்," என்றார். அவர் அன்றே திரும்ப வேண்டியிருந்தது. வயிற்றில் அறுவை செய்த ஒருத்தியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்தார். நாலாம் நாள் மதியப் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"முன்னாடியே வலி வந்தா அவசரப்படாதே. விளக்கெண்ணெய் கொடுக்காதே. வயித்தை அமுக்க விடாதே. இழுக்காதே, கிழிய விடாதே. தாய் ரத்தத்துல இருக்கிற கெடுதல் பிள்ளைக்கும் போயிருக்கலாம். அந்தத் தலை நசுங்கினா உள்ளே ரத்தம் கசியும்."

அன்றிலிருந்து நான் அந்த வீட்டிலேயே தங்கினேன். படி ஏறாதே என்றவர் எனக்கு ஒரு பாயும் தலையணையும் போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பல்குச்சியை விலக்கி ஈரத்துணியால் வாயைத் துடைக்கச் செய்தேன். எங்கும் காயம் படாமலிருக்கச் சூடான சோறு, முறுக்கு, எண்ணெய் தேய்ப்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். தினமும் காலையில் காது மடலும் தாளும். முதல் நாள் மூன்று வரிசை. இரண்டாம் நாளும் மூன்று. மாத்திரை காரணம் இல்லையோ, காய்ச்சல் தடுப்பையும் வீணாக நிறுத்திவிட்டோமோ என்று அன்று முழுக்க அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இரண்டு வரிசையில் நின்றது. நான் தாளை எடுத்துக்கொண்டுபோய் நல்லம்மாளிடம் காட்டினேன். அவர் பொட்டுகளை விரல் வைத்து எண்ணினார். "கொறஞ்சிருக்குதுங்களா?" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

நாலாம் நாள் விடிந்ததும் பாவாயிக்கு இடுப்பு வலி எடுத்தது. மாதம் இன்னும் நிறையவில்லை. தாளில் ஒன்றரை வரிசை. புதிதாகக் கொப்புளம் இல்லை, ஆனால் ரத்தம் இன்னும் தேறவில்லை. முத்துசாமி டாக்டரம்மாவுக்குத் தந்தி கொடுக்க நாமக்கல்லுக்குச் சைக்கிளில் போனான். டாக்டரம்மா எப்படியும் மதியம் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டேன்.

மதியம் பஸ் வரவில்லை.

குழந்தையின் தலை இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. வலி வரும், பாவாயி முக்குவாள், தலை சற்றுத் தெரியும், மறுபடி உள்ளே போகும். ஒரு மணி நேரம் இப்படியே. உறவுக்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் நாலைந்து பிரசவம் பார்த்த ஒரு அம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தார். "ஏனுங்க நர்சம்மா, புள்ளை முட்டிக்கிட்டு நிக்குது. மேல இருந்து ஒரு அமுக்கு அமுக்குனா வந்துரும். சும்மா உக்காந்திருக்கறீங்களே!"

அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு பிரசவங்களில் நானே அப்படி அமுக்கியிருக்கிறேன். என் கை துடித்தது. தாமதித்துப் பிள்ளை மூச்சுத் திணறிப் போனால் என்ன சொல்வேன்? அமுக்கித் தலைக்குள் ரத்தம் கசிந்தால் என்ன சொல்வேன்? பதில் சொல்ல ஆள் யாரும் இல்லை. மரக்குழாயை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். குழந்தையின் நெஞ்சு தடதடவென்று ஒரே சீராக அடித்தது. அடுத்த வலி முடிந்து மறுபடி வைத்தேன். அதே சீர். இந்தச் சத்தம் தடுமாறாத வரை காத்திருப்பது, தடுமாறினால் மட்டும் கை வைப்பது என்று முடிவு செய்தேன்.

"யாரும் அமுக்கக் கூடாது," என்றேன்.

அந்த அம்மாள் நல்லம்மாளைப் பார்த்தார். நல்லம்மாள் என்னைப் பார்த்தார். என்னை நம்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

"நர்சம்மா சொல்றபடிதான்," என்றார். "அல்லாரும் அக்கட்டால போங்க."

ஒவ்வொரு வலிக்கும் நடுவில் குழாயை வைத்துக் கேட்டேன். பாவாயியை முக்க வேண்டாம் என்று சொல்லி மூச்சு மட்டும் விடச் செய்தேன். பொழுது மேற்கே சாயத் தொடங்கியபோது தலை மெல்ல, மிக மெல்ல வெளியே வந்தது. உள்ளங்கையால் தாங்கிக்கொண்டேன். கிழிசல் இல்லை. பெண் குழந்தை. சிறியது. அழுதது.

நஞ்சுக்கொடி விழுந்ததும் ரத்தம் தொடங்கியது. குபுகுபுவென்று அல்ல, நிற்காமல் வழிந்தது. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் எர்கட் மருந்தைக் கொடுத்துவிட்டு வயிற்றின் மேல் கர்ப்பப்பையைக் கையால் இறுக்கிப் பிடித்தேன். தட்டணு குறைந்திருந்தாலும் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகினால் ரத்தக் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்ளும். அதை மட்டும்தான் நம்பியிருந்தேன். விட்டால் தளர்கிறது; பிடித்தால் இறுகுகிறது. என் விரல்கள் மரத்துப்போயின. நல்லம்மாள் எதிரே வந்து மண்டியிட்டார்.

"எங்க புடிக்கறதுன்னு காட்டுங்க."

அவர் கையை என் கைக்கு அடியில் வைத்துக் காட்டினேன். மாடு பிடித்துப் பழகிய கை. நானும் அவருமாக மாற்றி மாற்றிப் பிடித்தோம். ஒரு மணி நேரம் போனபின் துணியில் சிவப்பு மெதுவாகக் குறைந்தது. பாவாயி தண்ணீர் கேட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு டாக்டரம்மா வந்து சேர்ந்தார். பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். தாயைப் பார்த்தார், குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்த்தார். தோல் சுத்தமாக இருந்தது. உறவுக்காரர்கள் சர்க்கரை கொடுக்க ஆரம்பித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளைக்கு ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் தெரியும்," என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார்.

இரண்டாம் நாள் காலையில் நல்லம்மாள்தான் பார்த்தார். "நர்சம்மா, சித்தெ இங்க வாங்க." குழந்தையின் மார்பில், துணி முடிச்சு பட்ட இடத்தில், ஏழெட்டுச் செம்புள்ளிகள். அழுத்தினேன். வெளுக்கவில்லை. இந்த முறை நான் கேட்டேன்: எப்போது பார்த்தீர்கள், வேறு எங்கே இருக்கிறது, பால் குடித்தாளா, மலம் என்ன நிறம், அழுகை மாறியிருக்கிறதா. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மலம் தார் மாதிரி கறுப்பு. ஆனால் நேற்றும் அப்படித்தான்; பிறந்த பிள்ளைக்கு முதல் ஓரிரு நாள் அது வழக்கம். பால் குடிக்கிறாள். அழுகை மாறவில்லை. டாக்டரம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. காலைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தண்ணீர் வார்ப்பது, மூக்கை நீவுவது, தலையைப் பிடித்து உருட்டுவது எதுவும் கூடாது என்றோம். அந்தக் குழந்தையை மடியிலிருந்து மடிக்கு மாற்றும்போதுகூட எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மூன்றாம் நாள் புள்ளி முதுகிலும் வந்தது. நான் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வீங்குகிறதா என்று. நாலாம் நாள் புதிதாக ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. ஆறாம் நாள் பழைய புள்ளிகள் மஞ்சளாகி மங்கத் தொடங்கின. அன்று காலை பாவாயியின் காது மடலில் குத்தியபோது தாளில் ஐந்தாவது பொட்டு விழவே இல்லை. டாக்டரம்மா அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்டார்.

நாங்கள் பயந்த காய்ச்சல் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்கு இன்றும் தெரியாது. பாவாயிக்கு இனி ஆயுளுக்கும் கொயினா கூடாது என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தோம்.

பன்னிரண்டாம் நாள் நான் என் பெட்டியைக் கட்டினேன். நல்லம்மாள் வாசல்வரை வந்தார். சொல்லாமல் போக முடியவில்லை.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

அவர் என் பெட்டியை வாங்கித் திண்ணையில் வைத்தார்.

"கேட்டது தப்பில்லீங்க. எத்தனையோ ஊட்டுல அடிக்கத்தான் அடிக்கறாங்க. கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா? கேட்டுப்போட்டு, நாஞ் சொன்னதைக் கேக்காமப் போனீங்க பாருங்க, அதைத்தான் என்னால பொறுக்க முடியல."

உள்ளே குழந்தை அழுதது. "வாரேன் சாமி, வாரேன்," என்று சொல்லிக்கொண்டே அவர் திரும்பிப் போய்விட்டார்.